கூட்டேரிப்பட்டில் கொதித்த லாரி

எனக்குக் கல்யாணமாகித் திண்டிவனம் வந்தபோது வீட்டில் ஒரு மாடும் ஒரு லாரியும் இருந்தன. காலையில் எழுந்ததும் இரண்டுக்கும் தண்ணீர் காட்டவேண்டும். மாட்டுக்கு நான் காட்டினேன். லாரிக்கு என் வீட்டுக்காரர் காட்டினார்.

அந்த லாரி சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு ஓடியது. சண்டை முடிந்து ஏலத்தில் விட்டபோது யாரோ எடுத்து, அவரிடமிருந்து வேறு யாரோ வாங்கி, ஐம்பதுகளின் நடுவில் என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து வாங்கினார்கள். பட்டாளத்துப் பச்சைக்கு மேல் நீலம் அடித்திருந்தது. கதவு ஓரத்தை நகத்தால் சுரண்டினால் பச்சை தெரியும். முன்னால் நீண்ட மூக்கு. மூக்குக்குள் என்ஜின், அதற்கும் முன்னால் ரேடியேட்டர். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு விழுப்புரத்தில் எண்ணெய் மில்லுக்குப் போகும். திரும்பும்போது புண்ணாக்கோ சிமெண்டோ, கிடைத்ததை ஏற்றி வரும்.

வளவனூரில் எங்கள் வீட்டில் கரும்பு வண்டியும் ஏர்மாடும்தான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பெரிய இரும்பு தண்ணீர் குடிப்பது எனக்குப் புதுசாக இருந்தது. வந்த புதிதில் ஒருநாள் கேட்டேன்.

"மாடு குடிக்கிற தண்ணி எங்க போவுதுன்னு தெரியும். இது குடிக்கிற தண்ணி எங்கங்க போவுது?"

"எங்கியும் போவாது. உள்ளயே சுத்திக்கினு இருக்கும்."

"சுத்திக்கினே இருந்தா தெனிக்கும் எதுக்கு ஊத்துறீங்க?"

அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கொஞ்சம் ஆவியாப் போவும். கொஞ்சம் ஒழுவும்" என்றார். பிறகு மூக்கைத் திறந்து காட்டினார். என்ஜின் ஓடும்போது பெட்ரோல் உள்ளே எரிகிறது. அந்தச் சூட்டில் இரும்பே இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதனால் என்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. சூட்டை வாங்கிக்கொண்டு ரப்பர் குழாய் வழியாக முன்னால் ரேடியேட்டருக்கு வருகிறது. ரேடியேட்டருக்குள் மெல்லிய பித்தளைக் குழாய்கள் மேலிருந்து கீழே வரிசையாக இறங்குகின்றன. தண்ணீர் அவற்றில் இறங்கும்போது எதிர்க்காற்றும் விசிறியும் அதை ஆற வைக்கின்றன. ஆறிய தண்ணீர் மறுபடி என்ஜினுக்குப் போகிறது. அவ்வளவுதான் என்றார். எனக்கு அது அவ்வளவுதானாகத் தெரியவில்லை. அன்று முழுக்க அந்தத் தண்ணீர் சுற்றுவதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

லோடு இல்லாத நாட்களில் எப்போதாவது பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றுவார்கள். ரேடியேட்டரின் அடியில் ஒரு சின்னக் குழாய்த் திருகு உண்டு. அதைத் திறந்தால் காவியைக் கரைத்தது போலத் தண்ணீர் வரும். ஒருமுறை அதில் கொஞ்சம் பிடித்து ஊறுகாய் போடும் கண்ணாடி பாட்டிலில் வைத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் அடியில் சிவப்பாக ஒரு படிவு. அதன்மேல் லேசான மஞ்சளாக இன்னொரு படிவு. சிவப்பு துரு என்று அவர் சொன்னார். மஞ்சள் என்னவென்று அவருக்கும் தெரியவில்லை.

"உங்க அண்ணனக் கேளுங்களேன்" என்றேன்.

"ஊறுகா பாட்டில்ல லாரித் தண்ணிய வெச்சிருக்கேன்னு சொன்னா அவரு இன்னா சொல்வாரு தெரியுமா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவருடைய அண்ணனை நான் மூத்தார் என்றுதான் சொல்லவேண்டும். அவர் முன்னால் நான் உட்காரக்கூடாது, நேராகப் பேசவும் கூடாது. அப்போது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். சோறு வேண்டுமா என்று கேட்பதானால் கூட அவருடைய மனைவி வழியாகவோ என் வீட்டுக்காரர் வழியாகவோ கேட்பேன். அக்கா, அதாவது மூத்தாரின் மனைவி, அந்த வருஷம் பிரசவத்துக்காகத் தாய்வீடு போயிருந்தார். அதனால் வீட்டில் நாங்கள் மூவர்தான். மூத்தாருக்கும் எனக்கும் நடுவில் எல்லாப் பேச்சையும் என் வீட்டுக்காரர்தான் சுமந்துகொண்டிருந்தார்.

அப்போது ஒரு மாசி மாதம் என் தம்பிக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். லாரி விழுப்புரம் போகிற நாளாகப் பார்த்து நானும் அதில் கிளம்பினேன். விழுப்புரத்தில் இறங்கி வளவனூருக்கு பஸ் பிடிப்பதாக ஏற்பாடு. லாரியில் நான் போவது அதுதான் முதல் தடவை. முன்சீட்டில் நான் உட்கார்ந்ததால் மூத்தார் பின்னால் ஏறி மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் வந்தார்.

கிளம்பும்போதே என் வீட்டுக்காரர் சொன்னார். "கூட்டேரிப்பட்டுல கொஞ்ச நேரம் நிக்கும். பயப்படாத."

"எதுக்கு நிக்கும்?"

"கொதிக்கும்."

"தெனிக்குமா?"

"லோடு இருந்தா தெனிக்கும்."

சொன்னபடியே ஆயிற்று. கூட்டு ரோடு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே மூக்கின் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஆவி வர ஆரம்பித்தது. உலைப் பானையில் மூடி ஆடுவது போல ஒரு சத்தம். அவர் பதறவில்லை. ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த இடத்தில் மண் எப்போதும் ஈரமாக இருந்ததாலோ என்னவோ, மரத்தடியில் அருகம்புல் பச்சையாக இருந்தது. எங்கள் லாரி சிந்திய தண்ணீரில் வளர்ந்த புல் அது.

மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா கேப்பைக் கூழ் விற்றுக்கொண்டிருந்தார். லாரியைப் பார்த்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் இருந்த கிணற்றுக்குப் போனார். யாரும் கேட்கவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது.

வழக்கமாக ஒரு பீடி குடிக்கிற நேரம் ஆற விட்டுத்தான் மூடியைத் திறப்பார்களாம். அன்று மூத்தாருக்கு அவசரம். மில்லில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மூடுவதற்குள் மூட்டை இறக்கவேண்டும். ஈரச் சாக்கை மூடியின் மேல் போட்டுத் திருகினார். மூடி முழுசாகத் திரும்புவதற்குள் சாக்கோடு தூக்கி அடித்தது. கொதிக்கிற தண்ணீர் அவருடைய வலது முன்கையில் முழங்கை வரைக்கும் கொட்டியது.

அவர் கத்தவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். கூழ் விற்கிற அம்மாதான் ஓடிவந்து, கொண்டுவந்த குடத்துக்குப் பக்கத்தில் ஒரு அகலச் சட்டியை வைத்து, தண்ணீரை ஊற்றி அவர் கையை அதற்குள் அழுத்தினார்.

"எடுக்காத. உள்ளயே வெய்யி. ஆறட்டும், ஆறட்டும்னு நான் தெனிக்கும் சொல்லிக்கினு இருக்கறேன் இல்ல?"

நான் கிணற்றுக்கும் சட்டிக்குமாக நடந்து தண்ணீர் மாற்றினேன். கை சிவந்து, தோல் உப்ப ஆரம்பித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மரத்தில் சாய்ந்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் தாடை மட்டும் அசைந்தது. ஒரு ஆள் வலியை இப்படி அடக்குவதை நான் அதுவரை பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை.

லாரி ஆறவேண்டியிருந்ததால் எல்லோரும் அங்கேயே காத்திருந்தோம். இது ஏன் இந்த இடத்தில் மட்டும் கொதிக்கிறது என்று பேச்சு வந்தது. இந்தத் திருப்பத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து மூத்தார் முன்னாலேயே ஒருமுறை எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தார். என் வீட்டுக்காரருக்கு அதில் நம்பிக்கை இல்லை. திண்டிவனத்திலிருந்து லோடோடு வந்தால் சூடு ஏறிக்கொண்டே வந்து இந்த இடத்தில் முட்டுகிறது, கிழட்டு என்ஜின் அப்படித்தான் இருக்கும் என்றார்.

நான் கூழ் அம்மாவிடம் கேட்டேன். "இங்க வேற லாரிங்களும் நிக்குங்களா?"

"நிக்கும். கூழு குடிக்க நிக்கும்."

"தண்ணிக்கு?"

அந்த அம்மா யோசித்தார். "கோடையில எப்பனா ஒண்ணு நிக்கும். தெனிக்கும் நிக்கிறது உங்க வண்டிதான்."

அப்படியானால் இடத்தில் ஒன்றும் இல்லை, வண்டியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதை என் வீட்டுக்காரர் காதில் சொன்னேன். அவர் அண்ணனைப் பார்த்தார். அந்த நிலைமையில் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார்.

பிறகு என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினார். சூடான இரும்பில் ஜில்லென்று மொத்தமாக ஊற்றினால் என்ஜின் வெடித்துவிடுமாம். விழுப்புரம் போய்ச் சேர்ந்ததும் மூத்தாரை ஆஸ்பத்திரியில் விட்டோம். மூட்டை இறக்கிய பிறகு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த மெக்கானிக்கிடம் என் வீட்டுக்காரர் லாரியைக் காட்டினார். மெக்கானிக் தலையை மூக்குக்குள் விட்டுப் பார்த்தார்.

"கேஸ்கெட் போயிருக்கும் முதலாளி. இல்லேன்னா பம்பு. பிரிச்சாத்தான் தெரியும். ரெண்டுமே பேஜாரு புடிச்ச வேலை. இப்ப கையில வேற வண்டி இருக்குது, அப்பறமா கொண்டாங்க."

நான் வளவனூர் போய், நிச்சயம் முடிந்து, சில நாள் இருந்துவிட்டுத் திண்டிவனம் திரும்பினேன். மூத்தார் கையில் கட்டோடு வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். லாரி வாசலில் சும்மா நின்றிருந்தது. மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் முன்னால் தண்ணீரையாவது மாற்றிப் பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்திருந்தார். எப்போதும் அண்ணன் குடம் எடுத்துத் தருவார், தம்பி ஊற்றுவார். இப்போது அண்ணன் கையில் கட்டு. அதனால் குடத்தை நான் எடுத்தேன்.

பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றினோம். அடியில் திறந்துவிட்டு மேலே ஊற்றிக்கொண்டே இருந்தோம். காவி நிறம் மெல்ல வெளுத்தது. பிறகு அடியை மூடி, நிறைத்து, என்ஜினை ஓடவிட்டார். மூக்கின் முன்னால் முறுக்குக் கம்பியைப் போட்டு அவர் சுற்றியபோது லாரி இரண்டு தும்மல் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது.

ரேடியேட்டரின் முகத்தில் தும்பியும் வண்டும் வைக்கோல் துணுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தன. சும்மா நிற்பதற்கு அதைத் துடைக்கலாம் என்று ஒரு துணியை எடுத்துத் துடைத்தேன். துணி ஈரம் காய்ந்து போனதும் கையாலேயே எடுத்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. ஒரு பக்கம் சுட்டது, ஒரு பக்கம் சுடவில்லை.

முதலில் துணியின் ஈரம்தான் காரணம் என்று நினைத்தேன். உள்ளங்கையை வைத்து மெதுவாக ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு நகர்த்தினேன். சூடு, சூடு, பிறகு ஜில். மறுபடி சூடு. பிறகு அகலமாக ஜில். மேலிருந்து கீழே கோடு கோடாக இருந்தது அந்தக் குளிர்ச்சி. கீழே போகப்போக அது அகலமானது.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "இங்க கை வெய்யுங்க. இப்ப இங்க."

அவர் வைத்தார். இரண்டு மூன்று தரம் வைத்தார். "சுடாத எடத்துல தண்ணி ஓடல" என்றார்.

"தண்ணிதான் ரொப்பிட்டமே?"

"ரொப்பிட்டோம். ஆனா அந்தக் கொழாயில எறங்கல. அடைச்சிக்கினு இருக்குது."

கட்டிலில் இருந்து மூத்தார் தம்பியிடம் கேட்டார். "இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?"

அவர் சொன்னார். மூத்தார் எழுந்து வந்தார். நான் விலகி நின்றேன். இடது கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்த இடத்தில் வெகுநேரம் கையை எடுக்காமல் இருந்தார். பிறகு கட்டிலுக்குப் போய்விட்டார்.

எதனால் அடைத்திருக்கும் என்று எனக்கு ஒரு யோசனை இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. வெந்நீர்த் தவலையின் உள்பக்கம் வெள்ளையாக ஓடு கட்டும். அதைப் புளி போட்டுத் தேய்த்து எடுப்பேன். லாரிக்குள்ளும் அதே ஓடுதான் கட்டியிருக்கிறது என்று உறுதியாக இருந்தேன். புளியைக் கரைத்து ஊற்றலாம் என்றேன். புளி பித்தளையைத் தின்னாலும் தின்னும், ஈயம் வைத்த இடமெல்லாம் விட்டுப்போகும் என்று என் வீட்டுக்காரர் பயந்தார். அவர் பட்டாளத்து டிரைவர் ஒருவரிடம் தொழில் பழகியவர். அங்கே சலவைச் சோடாவைத்தான் வெந்நீரில் கரைத்து ஊற்றுவார்களாம். சரி, சோடாவே இருக்கட்டும் என்றேன்.

மறுநாள் ரேடியேட்டரைக் கழற்றினோம். மேல் குழாய், கீழ்க் குழாய், பக்கத்து போல்ட்டுகள். ஒவ்வொன்றையும் அவர் கழற்றிக் கொடுக்க, நான் ஒரு முறத்தில் வரிசையாக வைத்தேன். வாயை மரக்கட்டையும் துணியும் வைத்து அடைத்து, கொதிக்கக் கொதிக்க சோடாத் தண்ணீர் ஊற்றி, வெயிலில் வைத்தோம். மத்தியானம் வரை அது அப்படியே இருந்தது. நான் நடுநடுவே போய்ப் பார்த்தேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. காதை வைத்தால் உள்ளே மெல்ல நுரைக்கிற மாதிரி ஒரு ஓசை கேட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு ரேடியேட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கட்டையை எடுத்தோம். எப்போதும் தண்ணீர் மேலிருந்து கீழே போவதால் அடைப்பு கீழ்ப்பக்கமாகத்தான் தள்ளியிருக்கும், அதை எதிர்ப்பக்கமாகத் தள்ளவேண்டும் என்று அவர் சொன்னார். கீழ் வாயில் நான் குடம் குடமாக ஊற்றினேன்.

முதலில் கறுப்பாகக் காவித் தண்ணீர் வந்தது. பிறகு நான் எதிர்பார்த்த வெள்ளை ஓடு துணுக்குத் துணுக்காக வந்தது. வந்ததும் எனக்குச் சந்தோஷம். ஆனால் கொஞ்சம்தான் வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. அவர் ரேடியேட்டரைத் தூக்கிக் குலுக்கினார். ஒரு மெல்லிய கம்பியை விட்டு நெண்டினார். மறுபடி ஊற்றினேன். திடீரென்று பொத்தென்று ஒரு கட்டி வந்து விழுந்தது. அதன் பின்னால் இன்னும் பல. ஈரக் களி உருண்டைகள் மாதிரி, அழுக்கு மஞ்சள் நிறத்தில்.

நான் ஒன்றை எடுத்து நசுக்கினேன். உள்ளே உமி உமியாக இருந்தது. மோந்து பார்த்தேன். துரு வாடைக்கும் சோடா வாடைக்கும் கீழே ஒரு வாசனை, தினமும் அடுப்படியில் என் கையில் இருக்கிற வாசனை.

"ஏங்க, இது மஞ்சத்தூளுங்க" என்றேன்.

"ரேடியேட்டர்ல மஞ்சத்தூளு எப்பிடி வரும்?"

"தெரியல. மஞ்சத்தூளுதான். இந்த உமி மாதிரி இருக்கறது தவுடு."

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கட்டிலில் இருந்து மூத்தார் குரல் வந்தது.

"அது நான் போட்டது."

தம்பி திரும்பிப் பார்த்தார்.

"உன் கல்யாண வேலையா நீ வண்டிக்கு வராதப்ப நான் ஆளு வெச்சு வண்டி ஓட்டுனேன் இல்ல. விக்கிரவாண்டி தாண்டி ஒரு கல்லு பட்டு ஒழுவ ஆரம்பிச்சிடுச்சி. அந்த டிரைவருதான் சொன்னாரு, மஞ்சத்தூளும் தவுடும் போட்டா ஓட்டையப் புடிச்சிக்கும்னு. போட்டோம். நின்னுடுச்சி. அப்பறம் எங்க ஒழுவினாலும் போட்டேன். நீ பாக்காதப்ப."

"சொல்லியிருக்கலாம் இல்லண்ணே."

"ஒழுவல் நின்னுடுச்சிடா. நின்னதுல இன்னாத்த சொல்றது? ஓட்டைய அடைச்சது கொழாயையும் அடைக்கும்னு எனக்குத் தோணல."

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த அடைப்பால்தான் கூட்டேரிப்பட்டில் அவருக்கே கை வெந்தது.  கட்டிகளைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"இந்தாம்மா. ஊறுகா பாட்டில்ல நீ தண்ணி புடிச்சி வெச்சிருந்தியாமே. அதுலயும் மஞ்சளா இருந்துச்சா?"

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ரேடியேட்டருக்குள் கம்பியை விட்டுக்கொண்டிருந்தார், உதவிக்கு வரவில்லை.

"இருந்துச்சிங்க மாமா" என்றேன். "செவப்புக்கு மேல."

"அப்பவே சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு நேராகவே பேசினார். அக்கா குழந்தையோடு திரும்பி வந்தபோது அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். என்ன நடந்தது என்று அக்கா கேட்டதற்கு, தவுடு வந்தது என்று மட்டும் மூத்தார் சொன்னாராம்.

கட்டிகள் எல்லாம் வந்து தீர்ந்ததும் தண்ணீர் தடையில்லாமல் இறங்கியது. ஆனால் மஞ்சளும் தவிடும் அடைத்துவைத்திருந்த ஓட்டைகள் எல்லாம் இப்போது திறந்துகொண்டன. வேப்பமரக் கிளையில் ரேடியேட்டரைக் கட்டித் தொங்கவிட்டு நிறைத்தபோது, அதன் முகத்திலிருந்து நூல் நூலாகத் தண்ணீர் பல திசையில் பீச்சியது. வெயில் பட்டு அது பார்க்க அழகாகக்கூட இருந்தது. என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஓட்டைகளை ஈயம் வைத்து அடைக்க விழுப்புரத்துக்குத்தான் கொண்டுபோகவேண்டும். லாரிக்கு ரேடியேட்டர் இல்லை, அதனால் ரேடியேட்டரை பஸ்ஸில் ஏற்றினோம். தூக்க இன்னொரு ஆள் வேண்டும் என்பதால் நானும் போனேன். மூத்தார்தான் போகச் சொன்னார். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாதுங்க இது, ஜன்னலா?" என்று கேட்டார். பஸ் மேல் ஏற்றினால் அடிபடும் என்று மடியில் வைத்துக்கொண்டே போனோம். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். கூட்டேரிப்பட்டு வந்தபோது அவர் ஜன்னலில் இருந்து புளியமரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பஸ் நிற்காமல் போய்விட்டது.

மெக்கானிக் ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, ஒரு வாயில் சைக்கிள் பம்ப்பை மாட்டி, பெரிய தொட்டித் தண்ணீரில் முக்கினார். பம்ப் அடிக்க அடிக்க, ஓட்டை இருந்த இடத்திலிருந்து குமிழி கிளம்பியது. ஓட்டையைத் தேட அவர் ரேடியேட்டரைப் பார்க்கவே இல்லை, குமிழியைத்தான் பார்த்தார். குமிழி வந்த இடத்தில் சாக்பீஸால் குறி போட்டார். நான் தொட்டி ஓரத்தில் குந்தி, அவர் விட்ட ஒரு சின்னக் குமிழியைக் காட்டினேன். நிதானமாக, எப்போதோ ஒன்று என்று வந்துகொண்டிருந்தது அது. "அட, ஆமாம்" என்று அதற்கும் குறி போட்டார். கேஸ்கெட் என்று தான் சொன்னதைப் பற்றி அவரே பேச்சை எடுத்தார். "பத்துல எட்டு வண்டிக்கு அதுதாங்க. உங்களுது மீதி ரெண்டுல போயிடுச்சி."

முன்பு வீட்டில் மேல் குழாயைக் கழற்றியபோது என்ஜினின் வாய்க்குள் பித்தளையில் ஒரு சாமான் இருந்தது. உள்ளங்கை அளவு வட்டம், நடுவில் ஒரு மூடி, மூடிக்குக் கீழே துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு சின்ன உருளை. என் வீட்டுக்காரர் அதையும் எடுத்து வந்திருந்தார். மெக்கானிக் அதைப் பார்த்ததும் ஓரத்தில் இருந்த டப்பாவில் போடப்போனார்.

"இது வெள்ளைக்காரன் ஊர்க் குளிருக்கு வெச்சது. தண்ணி சூடாவற வரைக்கும் வழிய மூடி வெக்கும், சூடானதும் தெறக்கும். நம்ம வெயிலுக்கு இது இன்னாத்துக்கு? நான் எல்லா வண்டியிலயும் எடுத்துட்டேன்."

"அதுவா எப்பிடிங்க தெறக்கும்?" என்று கேட்டேன்.

"தெறக்கும்மா."

"எதுனால?"

அவர் பம்ப்பைக் கீழே வைத்தார். "சூடு பட்டா தெறக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வேணும்னா எடுத்துக்கினு போ."

எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஈயம் வைத்து வந்த ரேடியேட்டரை மாட்டி முடித்ததும் எந்தத் தண்ணீர் ஊற்றுவது என்று மூன்று பேரும் பேசினோம். வெள்ளை ஓடு கொஞ்சமாவது வந்ததே என்று நான் பிடிவாதம் பிடித்ததில், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம் என்று ஆயிற்று. ஏரித் தண்ணீரை வேட்டித் துணியில் இரண்டு மடிப்பாக வடிகட்டி ஊற்றினோம். மஞ்சளோ தவிடோ இனி உள்ளே போகக்கூடாது என்று மூத்தாரே சொன்னார்.

முதல் லோடுக்கு இரண்டு பேரும் போனார்கள். சாயங்காலம் திரும்பியதும் என் வீட்டுக்காரர் நடந்ததைச் சொன்னார். கூட்டேரிப்பட்டு வரை வந்தும் ஆவி இல்லை, சத்தம் இல்லை. ஆனாலும் மூத்தார் வண்டியை நிறுத்தச் சொன்னாராம். கூழ் அம்மா வழக்கம்போலக் குடத்தோடு கிணற்றுப் பக்கம் கிளம்பியிருக்கிறார். "தண்ணி வேணாம்மா, கூழு குடு" என்று மூத்தார் சொன்னாராம். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துப் பார்த்து, புதுத் தோல் வந்துவிட்டது என்று சொல்லி, அவருக்கு வெங்காயம் கூடுதலாகக் கொடுத்தாராம். பிறகு இரண்டு பேரிடமும், கொதிக்கலேன்னா இனிமே நிக்கமாட்டீங்களா என்று கேட்டிருக்கிறார். நிற்போம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். பசி இருந்த நாட்களில் நின்றார்கள்.

அந்தப் பித்தளைச் சாமான் அடுப்படி மாடத்தில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு வடித்த பிறகு, அதை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு நூலில் கட்டி, அடுப்பில் இருந்த தண்ணீர்ப் பானைக்குள் தொங்கவிட்டேன். பானை அடியைத் தொட்டால் நெருப்புச் சூட்டில் திறந்துவிடும், தண்ணீரின் சூட்டில் திறக்கிறதா என்று தெரியாது. அதனால்தான் தொங்கவிட்டேன். தண்ணீர் வெதுவெதுப்பானது. மூடி அசையவில்லை. கை வைக்க முடியாத சூடானது. அசையவில்லை. ஒருவேளை கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் வந்து பின்னால் நின்றார்.

அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்ட ஆரம்பித்தன. தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. அப்போது மூடி மெல்ல மேலே எழும்பியது. யாரோ உள்ளிருந்து விரலால் தள்ளுவது போல, அவசரமில்லாமல். துருத்தியின் மடிப்புகள் விரிந்தன. நூலைத் தூக்கி வெளியே எடுத்ததும் மூடி அதேபோல மெல்ல இறங்கி உட்கார்ந்தது. மறுபடி விட்டேன், மறுபடி திறந்தது. அவரும் வாங்கி விட்டுப் பார்த்தார். அன்று சாப்பாடு தாமதமானது. உருளைக்குள் என்ன வைத்து மூடியிருக்கிறார்கள், அது எதனால் விரிகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வெட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், வேலை செய்கிற பொருள் என்றார்.

"அப்போ வண்டியிலயே போடலாமே."

"மெக்கானிக்கு வேணாம்னு சொன்னாரே."

"அவரு தெரிஞ்சி வேணாம்னாரா, தெரியாம வேணாம்னாரா?"

அவர் சிரித்தார். கோடை முழுக்க அது மாடத்திலேயே கிடந்தது. மார்கழி வந்ததும் காலையில் பனியில் லாரி இருமி இருமி அணைந்து போயிற்று. சூடாவதற்கு வெகுநேரம் பிடித்தது. ஒரு நாள் அவர் மேல் குழாயைக் கழற்றி அந்தப் பித்தளைச் சாமானை இருந்த இடத்தில் வைத்து மாட்டினார்.

மறுநாள் விடிந்ததும் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு லாரிப் பக்கம் போனேன். பனி தரையோடு படர்ந்திருந்தது. அவர் கம்பியைச் சுற்றினார், என்ஜின் பிடித்துக்கொண்டது. ரேடியேட்டரின் மேல்தொட்டியில் கையை வைத்தேன். ஜில்லென்றுதான் இருந்தது. என்ஜின் பக்கம் தொட்டால் சூடு ஏறிக்கொண்டிருந்தது. மூடி இன்னும் திறக்கவில்லை, இங்கே இன்னும் ஜில். நான் கையை எடுக்கவில்லை.

"இன்னா பண்றே?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இருங்க."

மாட்டுக்கொட்டகையில் கன்று கத்தியது. மூத்தார் மூட்டைக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்ஜின் இருமலை விட்டு ஒரே சீராக ஓட ஆரம்பித்திருந்தது. பிறகு, உள்ளங்கைக்குக் கீழே, ஒரே மூச்சில் அந்தத் தொட்டி சூடானது.